முதல் நாளே பேனையைக் கொடுங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றுப்புற நகரங்களிலும் நம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



நூலகத்துச் சிறு அறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தேவாலயங்களின் கீழ்த்தளங்களிலும் நீங்கள் நடத்தும் வகுப்புகளுக்குச் சம்பளம் கிடையாது. பாடத்தையும் பெரும்பாலும் நீங்களே தேடி, நீங்களே படியெடுத்துக் கொண்டுபோகிறீர்கள். முன்னால் இருப்பவர்கள் ஒரே வகையினரும் அல்லர். பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்த அறுபது வயதுத் தாய் இருக்கிறார். சாதாரண தரம் சித்தியடைந்து, கலியாணமாகி வந்து, வருடக்கணக்காகத் தொழிற்சாலையில் நின்றவர் இருக்கிறார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எந்தப் பாடசாலையிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாமற்போன வன்னிக்காரர் இருக்கிறார். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்தி, வாரத்தில் கிடைக்கும் ஓரிரு மணித்தியாலத்துக்குள் ஒரு மொழியைக் கொடுக்கவேண்டும் என்பது சின்னப் பாரமல்ல. அந்தப் பாரத்தை மதித்தே இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: எழுத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதல் நாள் முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவரும் தாம் சொல்ல விரும்பும் ஒன்றை ஆங்கிலத்தில் ஒரு வரியாவது எழுதிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். எத்தனை பிழையோடு எழுதினாலும் எழுதட்டும்.

இப்போதைய ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் 26 எழுத்து. பெரியதும் சிறியதுமாக 52 வடிவம். நாலு கோட்டுக் கொப்பியில் உறுப்பெழுத்து. பிறகு 'ஆம், இஸ், ஆர்'. பிறகு காலங்களின் அட்டவணை. இடையிடையே பேச்சுப் பயிற்சி. எழுதுவது என்றால் பலகையில் இருப்பதைப் பார்த்தெழுதுவது, அல்லது சொல்வதெழுதுதல், அல்லது கீறிட்ட இடம் நிரப்புதல். சொந்தமாக எழுதுவது மட்டும் 'இன்னும் கொஞ்சம் இலக்கணம் வரட்டும்' என்று ஒத்திவைக்கப்படுகிறது. ஒத்திவைத்த அந்த நாள் அநேகருக்கு வருவதே இல்லை. பேரப்பிள்ளை பிறக்கும், வேலை நேரம் மாறும், பனிக்காலம் வரும், வகுப்பு நின்றுவிடும். அப்படி நின்றவர் கையில் மிஞ்சுவது பிறர் எழுதிய வாக்கியங்களால் நிரம்பிய ஒரு கொப்பி. இந்த ஒழுங்கை நீங்கள் யோசித்துத் தேர்ந்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாம் எல்லோரும் பாடசாலையில் ஆங்கிலம் கற்ற விதம் அது. கற்ற விதமே கற்பிக்கும் விதமாகிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் பத்து வருடப் பாடசாலைக் காலம் கிடந்தது, ஒத்திவைக்க அவகாசம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அது இல்லை.

அரசாங்கமும் இந்த ஒத்திவைப்புக்கு ஒருவகையில் இடம்கொடுக்கிறது. கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் 18 முதல் 54 வயது வரையானவர்கள், 12 படிகள் கொண்ட கனடிய மொழி அளவுகோலில் 4ஆம் படியை எட்டியதாகக் காட்டவேண்டும். ஆனால் பேசுவதிலும் கேட்பதிலும் மட்டுமே. எழுத்துக்குச் சான்று கேட்பதில்லை. குடியுரிமைப் பரீட்சையில் 20 கேள்விகளில் 15 சரியானால் போதும், அதுவும் தந்த விடைகளில் ஒன்றைத் தெரிவதுதான். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இரண்டுமே இல்லை. 1992இல் தொடங்கிய லிங்க் என்னும் மத்திய அரசின் இலவச மொழி வகுப்பில் குடியுரிமை பெற்றவர்களுக்கு இடமில்லை. குடியுரிமைத் தாள் கைக்கு வந்ததும் கதவு சாத்தப்படுகிறது. பிறகு மாகாணப் பணத்தில் நடக்கும் வகுப்புகளும் உங்களுடையவை போன்றவையும்தான் மிச்சம். ஆக, ஒரு வரி ஆங்கிலம் எழுதத் தெரியாமலே ஒருவர் இந்த நாட்டின் முழுக் குடிமகனாகலாம். சட்டம் இப்படி இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன். எழுத்துப் பரீட்சை வைத்து மனிதரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்துவது கொடுமை. ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காக வாழ்க்கையும் கேட்காது என்று இருந்துவிட்டால் ஏமாறுவோம்.

வாழ்க்கை கேட்கிறது, முன்னைவிட அதிகமாகவே கேட்கிறது. ஒருகாலத்தில் தொலைபேசியில் பேசி முடித்த காரியங்கள் இன்று குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் இணையப் படிவத்துக்கும் போய்விட்டன. குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லவேண்டும். எழுத்தில் சொன்னால்தான் பின்னொரு நாள் பிணக்கு வரும்போது அது சாட்சி. வேலைத்தலத்தில் கை நசிந்தால் ஒன்ராறியோவில் தொழிலாளியின் தரப்பைச் சொல்வதற்கென்று 6ஆம் இலக்கப் படிவம் இருக்கிறது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று அதில் எழுதவேண்டும். எழுதத் தெரியாதவருக்கு யார் எழுதுகிறார்கள்? ஊரில் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுபவர்கள் இருந்தார்கள். காசு கொடுத்தால் தாம் பழகிய நடையில் எழுதித் தருவார்கள். இங்கே அந்த வேலையைப் பேரப்பிள்ளைகள் செய்கிறார்கள். பெண்களுக்கான நோய் ஒன்றை மருத்துவமனைப் படிவத்தில் பன்னிரண்டு வயதுப் பேரன் எழுதவேண்டியிருக்கிறது. ஆசிரியர் அனுப்பிய குறிப்புக்குத் தாய் எழுதும் பதிலை, எந்தப் பிள்ளையைப் பற்றிய குறிப்போ அந்தப் பிள்ளையே எழுதுகிறது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஆனால் எழுதித் தருபவருக்குத் தெரியக்கூடாதவை எழுதப்படாமலே போகின்றன. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையும், சொல்லக் கூசும் வருத்தமும், மகனோடு உள்ள மனத்தாங்கலும் மகன் கையால் தாளுக்கு வராது.

எழுத்தைப் பின்தள்ளும் வழக்கம் ஆங்கிலத்தில் பழையது. இங்கிலாந்தில் நெடுங்காலம் வாசிப்பு முதலிலும் எழுத்து வெகு பின்னரும் கற்பிக்கப்பட்டன. வாசிக்கத் தெரிந்தும் தன் பெயரை எழுதத் தெரியாதோர் அங்கே ஏராளம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெண்டிப் மலைப்பகுதியில் ஏழைகளுக்குப் பள்ளிகள் நடத்திய ஹன்னா மோர் என்ற அம்மையார், வேதத்தை வாசிக்கும் அளவுக்கு அவர்களுக்குக் கற்பித்தார். எழுத்தைக் கற்பிக்க மறுத்தார். ஏழைகள் தம் நிலைக்குள் அடங்கி இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. வாசிப்பவர் பிறர் சொல்வதை வாங்கிக்கொள்கிறார், எழுதுபவர் தாமே சொல்கிறார் என்ற வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் வேறொன்று நடந்தது. படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் இருந்த இல்லத்தை 1789இல் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்துப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. கண்ணும் வாயும் கையும் ஒன்றாகக் கற்கும் அந்த வழி நம்முடையது. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் வழக்கத்திலும் கல்வி கையிலிருந்தே தொடங்குகிறது. மணலில் எழுதிய பிள்ளைகள் எழுதியது எழுத்துருக்களை மட்டுமே என்பதையும், தாயகம் திரும்பியபின் அதே பெல் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அவசியமில்லை என்ற பக்கம் சாய்ந்தார் என்பதையும் மறைக்கமாட்டேன். எழுத்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற கேள்விக்குள் அதிகாரம் எப்போதும் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதுவும் சாட்சியே. உங்கள் மனதில் அத்தகைய எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஒத்திவைப்பின் பலன் அதேதான்: நம் பெரியவர்கள் இந்த நாட்டில் அறிவித்தல்களை வாசிப்பவர்களாக நின்றுவிடுகிறார்கள்.

'இலக்கணம் தெரியாமல் எப்படி எழுதுவது?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ரிச்சர்ட் பிராடக்கும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுத்துக் கற்பித்தல் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 1963இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தனிப்பாடமாக நடத்தப்படும் இலக்கணம் எழுத்தை முன்னேற்றுவதில்லை, அல்லது முன்னேற்றுவது அற்பமே. எழுதிப் பழகவேண்டிய நேரத்தை அது பிடித்துக்கொள்வதால் கெடுதலும் செய்யக்கூடும் என்றார்கள். 1986இல் ஜோர்ஜ் ஹிலக்ஸ் பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இலக்கணப் பாடம் கைகொடுக்கவில்லை; சிறு வாக்கியங்களை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் பயிற்சி கைகொடுத்தது. ஒன்றை மறக்கக்கூடாது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த மாணவரைப் பற்றியவை. அவர்களுக்கு இலக்கணம் காதில் ஏற்கெனவே இருக்கிறது, நம்மவருக்கு இல்லை. எனவே இலக்கணமே வேண்டாம் என்று இவற்றைக் காட்டி வாதாடுவது நேர்மையாகாது. நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய முடிவு. விதியை அறிந்திருப்பது ஒரு திறன், அதைத் தாளில் கொண்டுவருவது வேறொரு திறன். முன்னதைச் சேர்த்துக்கொண்டே போனால் பின்னது தானாக வந்து சேராது. ஊரில் பத்து வருடம் ஆங்கிலப் பாடம் இருந்து, கீறிட்ட இடங்களை எல்லாம் சரியாக நிரப்பி, ஒரு கடிதம் எழுத வரும்போது கை நடுங்கும் தலைமுறைகள் நம்மிடையே இருப்பதைக் காட்ட ஆய்வு தேவையில்லை.

'முதலில் பேசட்டும், பிறகு எழுதலாம்' என்பது அடுத்த மறுப்பு. குழந்தை அப்படித்தானே மொழி கற்கிறது என்பார்கள். தமிழருக்கு இது முழுக்கப் பொருந்தாது என்பதை நம் மொழியே காட்டுகிறது. 'வாறன்' என்று பேசுகிறவர் 'வருகிறேன்' என்று எழுதுகிறார். 'வருகிறேன்' என்ற சொல் வீட்டில் அவர் வாயில் வந்ததில்லை, கையில் வந்தது. 'அவையள்', 'இஞ்சை', 'சொல்லிப்போட்டு' என்று பேசிய பிள்ளை கொப்பியைத் திறந்ததும் இன்னொரு தமிழுக்குள் நுழைந்தது. அந்தத் தமிழைப் பேசிப் பழகிவிட்டு எழுத வந்தவர் எவருமில்லை. எழுதியும் வாசித்துமே அதைப் பெற்றோம். ஆகவே தமிழ் எழுதத் தெரிந்த ஒவ்வொரு பெரியவரும் ஒரு மொழிவடிவத்தை எழுத்து வழியாகக் கற்று முடித்தவர். இதைவிடப் பெரிய முன்னனுபவம் எழுதக் கற்பவருக்கு வேறென்ன வேண்டும்? அதோடு, பேச்சைக் காட்டிலும் எழுத்து வயதானவரிடம் பொறுமை காட்டும். பேசும்போது எதிரில் ஒருவர் காத்து நிற்கிறார். சொல் அகப்படாத அந்தக் கணத்தில் கூச்சம் வந்து தொண்டையை அடைக்கிறது. தாளில் நிறுத்தலாம், அழிக்கலாம், அகராதியைப் பார்க்கலாம், நாளைக்கு முடிக்கலாம். எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், அதுவே பேச்சுப் பயிற்சியும் ஆகிறது.

முதல் வகுப்பில் எழுதச் சொன்னால் என்ன வரும் என்று பார்ப்போம். பாடசாலைக்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதுகிறார்: 'மை சன் ஃபீவர். டுடே நாட் கம் ஸ்கூல்.' சிவப்புப் பேனை பிடித்த கண்ணுக்கு இது முழுவதும் பிழை. 'ஹாஸ்' இல்லை, 'எ' இல்லை, 'ஹீ' இல்லை, 'இஸ்' இல்லை, 'டு' இல்லை. பாடசாலை அலுவலகத்தில் இருப்பவர் கண்ணுக்கு எல்லாம் இருக்கிறது: யாருக்கு, என்ன, என்றைக்கு, அதனால் என்ன. இன்னும் கூர்ந்து பார்த்தால், விடுபட்டவை கவனமின்மையால் விடுபட்டவை அல்ல. 'என் மகனுக்குக் காய்ச்சல்' என்பது வினைச்சொல் இல்லாமலே தமிழில் முழு வாக்கியம். 'வரமாட்டான்' என்ற ஒரே சொல்லுக்குள் ஆளும் மறுப்பும் அடங்கிக் கிடப்பதால் 'ஹீ' என்று தனியாக எழுதவேண்டும் என்று தமிழ் மனதுக்குத் தோன்றுவதில்லை. 'எ', 'த' என்ற குறுஞ்சொற்களுக்கு நேரான சொல் நம்மிடம் இல்லவே இல்லை. இந்த இரண்டு வரியை எழுதியவர் தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். அவருக்கு இப்போது என்ன இலக்கணம் தேவை என்பதை எந்தப் பாடநூலைக் காட்டிலும் அந்த இரண்டு வரி உங்களுக்குத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. 'தமிழில் இங்கே சொல் வேண்டாம், ஆங்கிலத்துக்கு இங்கே ஒரு சொல் வேண்டும்' என்று காட்டி 'ஹாஸ்' என்பதைக் கொடுங்கள். அட்டவணையில் கண்ட 'ஹாஸ்' மறந்துபோகும். தன் மகனின் காய்ச்சலோடு சேர்ந்து வந்த 'ஹாஸ்' மறக்காது. நான் இலக்கணத்தை ஒதுக்கச் சொல்லவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அது எழுத்துக்குப் பின்னால் வரட்டும் என்கிறேன்.

பிழையோடு எழுதவிட்டால் பிழையே படிந்துவிடாதா? இந்த அச்சம் ஆய்வாளர்களுக்குள்ளும் பெரிய வாதமாக நடந்தது. ஜோன் ட்ரஸ்கொட் 1996இல், இரண்டாம் மொழியில் எழுதுபவர்களின் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனில்லை, அதைக் கைவிடவேண்டும் என்று எழுதினார். 1999இல் டேனா ஃபெரிஸ் மறுத்தார். அந்த முடிவு அவசரமானது, தெளிவாகவும் தெரிந்தெடுத்தும் திருத்தினால் பலருக்குப் பயனுண்டு என்றார். 2008இல் ஜோன் பிச்சனர் நியூசிலாந்தில் ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டு மாணவரிடம் 'எ', 'த' என்ற இரண்டின் குறிப்பிட்ட இரண்டு பயன்பாடுகளை மட்டும் திருத்திப் பார்த்தார். திருத்தம் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டு மாதம் கழிந்தும் அந்த முன்னேற்றம் நின்றது. அவர்கள் உங்கள் மாணவரைவிட ஒரு படி மேலே இருந்தவர்கள் என்பது உண்மை. ஆனாலும் இந்த வாதம் முழுவதிலும் இருந்து ஆசிரியருக்குக் கிடைக்கும் பாடம் தெளிவு: எல்லாவற்றையும் திருத்தாதீர்கள், ஒன்றையும் திருத்தாமலும் விடாதீர்கள். இந்த மாதம் 'இஸ்'. அடுத்த மாதம் பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும். தாள் முழுவதும் சிவந்தால் அவர் அடுத்த வாரம் குறைவாக எழுதுவார், அதற்கடுத்த வாரம் வரமாட்டார். வீட்டில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவரின் தாளைச் சின்னப்பிள்ளையின் தாள்போல் கீறி வைப்பது மரியாதைக் குறைவும்கூட.

எழுத்துக்கூட்டலில் நம்மவர் தடுமாறும் இடங்களும் முன்கூட்டியே அறியக்கூடியவைதான். 'பார்க்' என்பதையும் 'பேங்க்' என்பதையும் நாம் ஒரே 'ப'வால் எழுதுகிறோம். தமிழ்ச் சொற்களில் ஒலி எங்கே மெலியும், எங்கே வலிக்கும் என்பதை இடம் பார்த்து வாய் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. 'ட', 'க' எழுத்துகளிலும் இதே சிக்கல். சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் சேர்ந்து நிற்பதைத் தமிழ் ஏற்காது, எனவே 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. வாயில் வந்த அந்த 'இ' கையிலும் வரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே நமக்கில்லை. கோட்டுக்கு மேலே வயிறு வைத்த எழுத்தையும் கீழே கால் நீட்டிய எழுத்தையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாற்றிப் போடுவதும் இயல்பு. ஆனால் இடமிருந்து வலமாகப் போவது, சொல்லுக்குச் சொல் இடம் விடுவது, பந்தி பிரிப்பது எல்லாம் தமிழ் எழுதத் தெரிந்தவருக்குப் பழகியவை. 247 எழுத்தை ஒழுங்கோடு கற்ற மனிதருக்கு 26 எழுத்தின் வடிவம் பெரிய மலையல்ல. அந்த வடிவப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தன் முகவரியையும் பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் எழுதும்போதே அதில் பாதி முடிந்துவிடும்.

தமிழிலும் எழுதத் தெரியாதவர்களை என்ன செய்வது? இதுவே எல்லாவற்றிலும் கனமான கேள்வி. மேலே சொன்னவற்றில் பாதி இவர்களுக்குப் பொருந்தாது. போர் பாடசாலையை மூடியதால் இந்நிலைக்கு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சமாளிப்பவர்களும் இருப்பார்கள். கனடிய அளவுகோலும் இத்தகையவருக்கென்று தனி வழிகாட்டி வைத்திருக்கிறது, இவர்களை மற்றவர்களோடு ஒரே வேகத்தில் இழுக்கக்கூடாது என்பதே அதன் அடிப்படை. ஆனாலும் சொந்தச் செய்தியிலிருந்து தொடங்கலாம் என்பது இவர்களுக்கும் பொருந்தும். பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஏறக்குறைய 300 உழைப்பாளிகளுக்கு, 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவின் வாசலைத் திறந்து காட்டியது அவர்கள் வாழ்விலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டுதான். அவர்கள் கற்றது தாம் பேசிய மொழியை, அதுவும் ஒலியும் எழுத்தும் பெருமளவு ஒத்துப்போகும் மொழியை. ஆங்கிலத்தில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று தமிழ்நாட்டின் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபின், புதிதாக எழுதக் கற்ற கிராமத்துப் பெண்கள் கைந்நாட்டை விட்டுக் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போனார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழக மானிடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி அதை விரிவாக ஆராய்ந்து 2013இல் நூலாக்கியிருக்கிறார். அந்தப் பெண்களுக்கு எழுத்தின் முதல் உபயோகமே தமக்கு வேண்டியதைக் கேட்பதாக இருந்தது. உங்கள் வகுப்பில் இப்படிச் செய்யலாம்: அவர் சொல்லட்டும், நீங்கள் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், அவர் அதைப் பார்த்தெழுதி வாசிக்கட்டும். பார்த்தெழுதுவதுதான், ஆனால் எழுதப்பட்டது அவருடைய வாக்கியம். தமிழ் எழுத்தை முதலில் கற்க விரும்பினால் அதற்கும் வழிசெய்யுங்கள். அது ஆங்கிலத்துக்குச் சுற்றுவழி என்று நினைக்கவேண்டாம்.

வகுப்பில் தமிழில் வாய்திறக்கக் கூடாது என்று உங்களில் சிலர் விதி வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்திலேயே மூழ்கினால் விரைவில் வரும் என்ற நல்லெண்ணம் அதற்குள் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியில் சில மணித்தியாலம் அப்படி இருக்கட்டும். எழுதத் தொடங்கும்போது அந்த விதி கையைக் கட்டிவிடுகிறது. ரொறன்ரோவில் பணியாற்றிய கல்வியாளர் ஜிம் கமின்ஸ் 1979 தொடக்கம் வலியுறுத்தி வந்தது, ஒரு மொழியில் பெற்ற எழுத்தறிவு மற்ற மொழிக்குள் கூடவே வருகிறது என்பதை. எல்சா ஆவர்பாக் 1993இல் அமெரிக்காவின் வயதுவந்தோர் வகுப்புகளைப் பார்த்து, ஆங்கிலம் மட்டும் என்ற விதிக்கு ஆதாரம் போதாது என்றும், தொடக்க நிலையினருக்குத் தாய்மொழி துணைசெய்கிறது என்றும் வாதிட்டார். சொல்லவேண்டியதைத் தமிழில் நாலு வரி எழுதிவிட்டு, அதில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரு வரியைத் தெரியட்டும். ஆங்கிலச் சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே எழுதிவிட்டுப் போகட்டும், பின்னர் மாற்றலாம். அறுபது வருடம் சேர்த்த அறிவை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று ஒருவரிடம் சொன்னால், உள்ளே வருபவர் எதை எழுதுவார்?

கைபேசியில் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறதே, இனி எதற்கு இந்தப் பாடு என்பாரும் உண்டு. அந்த வசதியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவசரத்துக்கு அது பெரிய உதவி, வகுப்பில் அதைத் தடைசெய்வதிலும் அர்த்தமில்லை. ஆனால் 'அவர் நாளைக்கு வரமாட்டார்' என்று சொன்னால் இயந்திரம் 'ஹீ' என்று எழுதுமா, 'ஷீ' என்று எழுதுமா? தமிழ் மரியாதைச் சொல்லில் ஆண்பால் பெண்பால் இல்லை. இயந்திரம் ஊகிக்கத்தான் வேண்டும். 'தெரியாது', 'வேண்டாம்' என்று ஆளைச் சொல்லாமலே நாம் முடிக்கும் வாக்கியங்களில் விடுபட்டது 'எனக்கு' என்பதா 'அவனுக்கு' என்பதா என்பதையும் அது ஊகிக்கிறது. ஊகம் பிழைத்ததைக் கண்டு ஒரு சொல்லை மாற்ற, எழுதத் தெரிந்த கண் வேண்டும். மகன் கையிலிருந்து கைபேசிக்கு மாறினாலும் அது வேறொருவர் எழுதித் தருவதுதான்.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஆயத்தம் வேண்டாம். கனடிய மொழி அளவுகோல் எழுத்தை நாலு வேலையாகப் பிரிக்கிறது: மனிதரோடு உறவாட எழுதுவது, உள்ளதைப் படியெடுத்தோ குறிப்பெடுத்தோ எழுதுவது, காரியம் முடிக்க எழுதுவது, தகவல் சொல்ல எழுதுவது. நம் வகுப்புகளில் இரண்டாவது மட்டுமே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. மற்ற மூன்றையும் முதலாம் படியிலேயே தொடலாம். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து. மேல்வீட்டுக்காரருக்கு இரவுச் சத்தம் பற்றி ஒரு துண்டு. 'என் சமையலறையில் இருப்பவை' என்று ஐந்து வரி. எந்தக் குறிப்பும் உண்மையான ஒருவருக்குப் போகட்டும். வாழ்த்து அட்டை உண்மையிலேயே தபாலில் போகட்டும். பதில் வந்தால் அடுத்த வகுப்புக்கு அதுவே பாடம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, விளங்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடட்டும். பிழை தேடவேண்டாம். ஹிலக்ஸ் கண்ட வாக்கிய இணைப்பை மூன்றாம் மாதத்தில் கொண்டுவாருங்கள்: 'மை சன் ஹாஸ் ஃபீவர்', 'ஹீ இஸ் நாட் கமிங்' என்ற இரண்டும் இருந்தால் நடுவில் 'ஸோ' வருவதற்கு அதிக நேரம் எடுக்காது.

செப்டெம்பரில் புதிய வகுப்புகள் தொடங்கும். முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, இந்த வருடம் யாருக்கு ஆங்கிலத்தில் எழுத விரும்புகிறீர்கள், என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று தமிழில் கேளுங்கள். வருவதை எழுதட்டும். ஒரு சொல் வந்தாலும் சரி, தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் சரி. திகதி போட்டு, திருத்தாமல், ஒரு கோப்பில் வையுங்கள். லிங்க் வகுப்புகளில் மாணவரின் வேலைகளைக் கோப்பில் சேர்த்துத்தான் முன்னேற்றத்தை அளக்கிறார்கள், அந்த வழக்கம் நல்லது. நத்தார் விடுமுறைக்கு முந்திய வகுப்பில் அதே கேள்வியை மறுபடி கொடுங்கள். பிறகு இரண்டு தாளையும் அவரிடமே கொடுத்து, இரண்டையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பணியைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு வாசகர்